தம் போட்ட கேக்கு

சைபுல்லா வீட்டில் சோப்பு வாங்கி வருஷக்கணக்காகிறது. சங்ககிரியில் லாரி வைத்திருக்கிற பல வீடுகளில் இப்படி ஏதாவது ஒரு சாமான் வாங்காமலே ஓடும். ஏற்றிப் போகிற சரக்கில் ஒரு பெட்டி நசுங்கியிருந்தாலும் இறக்குகிற இடத்தில் சரக்கு வாங்குகிற பார்ட்டி அதைத் தொட மாட்டார். 'டேமேஜ்' என்று ஒதுக்கி, அதன் விலையை வாடகையில் பிடித்துக்கொண்டு, பெட்டியை லாரிக்காரர் தலையிலேயே கட்டிவிடுவார். சோப்பு அப்படி வந்ததுதான். அதற்கு முன்னால் குடைகள் வந்தன. அதற்கும் முன்னால் நாய்க்குப் போடும் பிஸ்கட் வந்தது. தெருநாய்கள் கொஞ்ச நாள் பழைய சோற்றை மோந்துகூடப் பார்க்காமல் திமிரெடுத்துத் திரிந்தன.

இந்த ஐப்பசியில் வந்தது கேக் மாவு. அட்டைப்பெட்டிகளை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்த அங்கமுத்து, நெற்றியில் பிளாஸ்திரியோடு அவற்றை முன்னறையில் அடுக்கிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அவர் சைபுல்லாவிடம் நெடுங்காலமாக வண்டி ஓட்டுகிறவர். வந்தால் உட்கார்ந்து டீ குடித்து, போய்வந்த ஊர்க் கதையெல்லாம் பேசாமல் எழுந்திருக்காத மனிதர். அவரே அப்படி ஓடினார் என்றால் வீடு இருந்த லட்சணத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

நடந்தது இதுதான். சைபுல்லாவின் ஒரே மகன் ஃபர்ஹான் முதல் தடவையாக பம்பாய்ப் பக்கமிருந்து கோயமுத்தூருக்கு லோடு ஏற்றி வந்தான். துணைக்கு அங்கமுத்து. வழியில் ஒரு மலையிறக்கத்தில், அங்கமுத்து சீட்டுக்குப் பின்னாலிருக்கிற படுக்கைப் பலகையில் கண்ணயர்ந்திருந்தபோது, பிரேக்கில் காற்று இறங்கிவிட்டது. இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் பள்ளம். ஃபர்ஹான் வண்டியை மலைப் பக்கமாகச் சாய்த்து, மண்மேட்டில் உரசவிட்டு நிறுத்தினான். வண்டியின் முகம் நசுங்கியது, அங்கமுத்துவின் நெற்றி கிழிந்தது, பின்னால் கொஞ்சம் பெட்டிகள் சப்பையாகின. ஃபர்ஹான் மேல் ஒரு கீறல் இல்லை. ரோட்டோரம் நின்று வீட்டுக்குப் போன் போட்டு, "அத்தா, வண்டி மோதிருச்சுங்க" என்றான்.

"லோடு என்னாச்சு?" என்று கேட்டார் சைபுல்லா.

அவ்வளவுதான். ஃபர்ஹான் போனை அங்கமுத்து கையில் கொடுத்துவிட்டான். ஊர் வந்து சேர்ந்த பிறகும் அத்தாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் முன்னறைக்கு வந்தால் இவன் பின்னறைக்குப் போனான். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு இவன் தட்டை எடுத்தான். பெங்களூரில் செல்போன் கடை வைத்திருக்கும் கூட்டாளி ஷஹ்பாஸிடம் வேலைக்குச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவதென்று முடிவும் செய்துவிட்டான். அதை அம்மாவிடம் மட்டும்தான் சொன்னான்.

அவன் அம்மா மஸ்தான் பீவி உடனே மனசுக்குள் பஸ் நேரத்தைக் கணக்குப் போட்டாள். பெங்களூர் ஒன்றும் சீமையில் இல்லை. காலையில் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடலாம். ஆனால் பேசாமல் போகிறவன் பேசாமலே இருந்துவிடுவான். அப்பனும் மகனும் ஒரே அச்சில் வார்த்த பிடிவாதம் என்பது அவளுக்குத் தெரியும். மகனிடம் சமாதானம் சொல்லப் போனால், "அவருக்காக நீங்க பேசாதீங்கம்மா" என்றான். புருஷனிடம் போனால், "லாரிக்காரன் லோடக் கேக்காம வேற எதக் கேப்பான்?" என்று ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தப் பதில் ஃபேனுக்குத்தான் கிடைத்தது. கண்ணைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை.

மோதிய செய்தி வந்த அன்றைக்கே மகன் முழுசாக வீடு வந்தால் தெருவுக்கு நார்ஷா கொடுப்பதாக மஸ்தான் பீவி நேர்ந்திருந்தாள். ஓதி, இனிப்பு பங்கிட வேண்டும். அதற்காக ரவையும் சர்க்கரையும் வாங்குவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவள், முன்னறையைப் பெருக்கும்போது ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல தேதி இந்த மாசத்தோட முடியுதாட்ட இருக்குதே. கடைக்காரங்க யாராச்சும் எடுத்துக்குவாங்களா?"

"கேட்டுட்டேன். பச்சக் கலர் கேக்க இந்த ஊர்ல எவன் திம்பான்னு கேக்கறானுங்க. சப்பான்காரன் டீத்தூளப் போட்டு அரைச்சதாமா. மேட்சாவோ என்னமோ பேரு. டவுன்ல பசங்க இப்ப அதத்தான் தேடிப் போறானுங்களாம்."

"அப்ப வெள்ளிக்கெழம அல்லாத்தையும் ஒண்ணாச் செஞ்சு நார்ஷாவாக் குடுத்துரலாமுங்க. நேந்தது நேந்தபடியே கெடக்குது."

"டேமேஜ் சரக்கையா?"

"நசுங்குனது டப்பாதான, மாவா நசுங்கும்? அதுக்குக் காசும் நம்ம வாடகையிலதான புடிச்சாங்க. நம்ம பொருளுதான்."

"எதுல செய்வ? கேக்குச் சட்டியில ஊத்துனா ஒவ்வொரு டப்பாவா வெந்து முடிய நாளான்னிக்கு ஆயிரும்."

"பிரியாணி தேக்சா இருக்குது. நீங்க இருக்கீங்க" என்றாள் மஸ்தான் பீவி.

அந்த இடத்தில் சைபுல்லா விழுந்துவிட்டார். லாரித் தொழிலில் அவருக்கு நல்ல பெயர் உண்டென்றாலும், சொந்தக்காரர்கள் மத்தியில் அவர் பெயர் நின்றது பிரியாணியில்தான். கல்யாண வீட்டில் சம்பளத்துக்குச் சமையல்காரர் இருந்தாலும், தேக்சாவின் மூடியை மைதா மாவால் அடைத்து, மேலே கங்கு போட்டுத் தம் கட்டுகிற நேரத்தில் "சைபு மாமாவக் கூப்புடு" என்பார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிற தோரணையைப் பார்த்தால் மாப்பிள்ளையே கொஞ்சம் ஒதுங்கி நிற்பான். கேக்குக்குத் தம் போட்டு அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் முடியாது என்று சொல்லவும் பழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்ததும் பின்வாசலில் வேலை தொடங்கியது. மலைக்கோட்டை பாதிக்கு மேல் மேகத்துக்குள் போயிருந்தது. விறகு நமுத்துப் புகைந்தது. சைபுல்லா மூன்று கல்லைக் கூட்டி, ஊதி ஊதிக் கண் சிவந்தார். நாமக்கல் முட்டை தட்டுத்தட்டாக வந்து இறங்கியிருந்தது. மஸ்தான் பீவி மனைப்பலகையில் உட்கார்ந்து அண்டாவில் உடைத்து ஊற்றி, டப்பா டப்பாவாக மாவைக் கொட்டிக் கலக்கினாள். கலக்கக் கலக்க அது குளத்துப் பாசி நிறத்துக்கு வந்தது. புதுசாக அறுத்த புல் மாதிரி ஒரு வாசனை எழுந்தது.

பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், இடுப்பில் சொருகிய முந்தானையோடு வந்திருந்தாள்.

"ஏனுங் பாயம்மா, மாட்டுக்குங்களா?"

"மனுசனுக்குத்தான். கேக்கு."

"முருங்கத்தழைய அரைச்சு ஊத்துனாப்பல இருக்குதுங்களே. பையனுக்கு மேலுக்குச் சொகமில்லீங்களா, மருந்தா?"

"மருந்துன்னே வெச்சுக்க. பொழுதோட வா, உனக்கும் ஒரு வாய் இருக்குது."

"அப்ப நான் சோறு உண்டுபோட்டே வாரனுங்க" என்று சொல்லிக் குஞ்சம்மாள் தலையை இழுத்துக்கொண்டாள்.

தேக்சாவின் உட்புறம் முழுக்க வாழையிலையை விரித்து, எண்ணெய் தடவித் தயாராக்கிய பிறகுதான் எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்ற கேள்வி வந்தது. டப்பாவில் எழுதியிருந்ததெல்லாம் இங்கிலீஷ். மஸ்தான் பீவி அதை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். ஃபர்ஹான் கட்டிலில் படுத்துப் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணு, இதுல என்ன போட்டிருக்குதுன்னு சித்தெ படிச்சுச் சொல்லு."

"யாரு கேக்கச் சொன்னா?"

"தேக்சா கேக்கச் சொல்லுச்சு. படிடா."

அவன் எழுந்து உட்கார்ந்து படித்தான். "நூத்தியெண்பது டிகிரியில முப்பத்தஞ்சு நிமிசம்."

அவள் பின்வாசலுக்கு வந்து ஒப்பித்தாள். சைபுல்லா கங்கைக் கிளறிக்கொண்டே சொன்னார். "டிகிரியெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு நெருப்புத் தெரியும். முப்பத்தஞ்சு நிமிசம்னா நம்ம பிரியாணித் தம்முதான். சரியாப் போச்சு."

மஸ்தான் பீவி உள்ளே வந்தாள். "பிரியாணித் தம்முதாங்கறாரு."

ஃபர்ஹான் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டான். "அது ஒரு டப்பாவுக்கும்மா. அத்தனையும் ஒண்ணா ஊத்துனா நடுவுல எப்படி வேகும்? ரெண்டு மணி நேரமாச்சும் ஆவும். நடுவுல தொறந்து பாத்தா அப்படியே அமுங்கிரும். இத்தன நேரம் போன்ல அதத்தான் பாத்துக்கிட்டிருக்கறேன்."

பேசாதவன் அதுவரை கேக்கைப் பற்றித்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வெளியே போனாள்.

"ரெண்டு மணி நேரமாமுங்க. நடுவுல தொறக்கக்கூடாதாமா."

"ரெண்டு மணி நேரம் போட்டா அடி கரியாயிரும்னு சொல்லு. தம்மு போடறவனுக்கே தம்மு சொல்லித் தாரானா?"

"நான் சொல்ல மாட்டேன்" என்று அண்டா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள் மஸ்தான் பீவி. "ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்து நடந்து எங் காலு விட்டுப்போச்சு. உங்க வாய்லயும் நாக்கு இருக்குது, அவன் வாய்லயும் நாக்கு இருக்குது. எனக்கெதுக்கு எடுபிடி உத்தியோகம்?"

சைபுல்லா பிஸ்மி சொல்லி மாவை ஊற்றினார். மூடியை வைத்து மைதாவால் சுற்றி அடைத்தார். அடியில் தணலைக் குறைத்து, கனத்த தோசைக்கல் ஒன்றைக் கொடுத்து, மூடிமேல் கங்கைப் பரப்பினார். அதுவரை பொறுத்திருந்த மேகம் அப்போதுதான் பார்த்துத் தூற ஆரம்பித்தது. கங்கில் விழுந்த துளிகள் சுர் சுர்ரென்றன.

"மஸ்தானு, தார்ப்பாயி! தார்ப்பாயி எடு!"

லாரித் தார்ப்பாய் ஒரு பொம்பளை தூக்குகிற சாமான் இல்லை. அவள் ஒரு முனையை இழுத்துக்கொண்டு திணறுவதைப் பார்த்து ஃபர்ஹான் வெளியே ஓடி வந்தான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அவன் ஒரு முனையை முருங்கை மரத்தில் கட்ட, சைபுல்லா மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டினார். தண்ணீர் தேங்காமல் ஒரு பக்கம் சரிவு கொடுக்க வேண்டும் என்று இரண்டு பேர் கைக்கும் தெரிந்திருந்தது. கயிற்றை ஒரே மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி ஒரே மாதிரி இழுத்து முடிந்தார்கள்.

கட்டி முடித்ததும் ஃபர்ஹான் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. அடுப்புக்கு அந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்தான். இந்தப் பக்கம் சைபுல்லா. தார்ப்பாய் மேல் மழை படபடத்தது. மைதா ஒட்டின ஓரத்தில் மெல்ல ஆவி கசிந்து, முட்டையும் இலையும் டீயும் கலந்த ஒரு மணம் வந்தது. மோசமில்லை என்று மஸ்தான் பீவி நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் போயிற்று. சைபுல்லாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிரியாணியாக இருந்தால் இந்நேரம் தம் உடைத்திருப்பார். அடி பிடிக்கிறதோ என்று மூக்கை நீட்டினார். கரண்டியால் கங்கை ஒரு பக்கம் தள்ளினார். துண்டைச் சுருட்டிப் பிடித்து, மூடியின் காதில் கை வைத்தார்.

"தொறக்காதீங்கத்தா!"

மூன்று பேருமே திடுக்கிட்டார்கள். அதிகம் திடுக்கிட்டவன் ஃபர்ஹான்தான். வாய் முந்திக்கொண்டது. சைபுல்லாவின் கை மூடிமேல் அப்படியே நின்றது.

"தொறக்கல சாமி" என்றார். "தொறக்கல."

தள்ளிய கங்கை ஒவ்வொன்றாக இழுத்து மறுபடியும் மூடிமேல் பரப்பினார். அந்த வேலைக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. மஸ்தான் பீவி முட்டை ஓட்டுக் கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ போன் பண்ணுனயல்ல" என்றார் அவர், கங்கைப் பார்த்துக்கொண்டு. "அத்தான்னு கூப்புட்ட. உங் கொரலக் கேட்டதுமே நீ நல்லாருக்கறன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்கு மேல என்ன கேக்கறதுன்னு தெரியல ஃபர்ஹானு. வண்டி மோதுச்சுன்னு போன் வந்தா இத்தன வருசமா வாயி கேட்டுப் பழகுனது ஒண்ணுதான். அதுவே வந்துருச்சு."

"கை கால் ஒடஞ்சு கெடந்திருந்தாலும் அத்தான்னுதான கூப்புட்டிருப்பேன்?"

சைபுல்லா தாடியைத் தடவிக்கொண்டார்.

"ஆமா. போன வெச்சதுக்கப்பறம் அது தோணுச்சு. உடனே உனக்குத் திருப்பிப் போட்டேன், நீ எடுக்கல. அதோட காலு நிக்கல. சுவத்தப் புடிச்சுக்கிட்டே கீழ உக்காந்தவன், எந்திரிக்க முடியல."

"அன்னிக்குங்களா?" மஸ்தான் பீவி கூடையைக் கீழே வைத்துவிட்டாள். "சுகர் எறங்கிருச்சுன்னு சொன்னீங்களே! சக்கரத் தண்ணி கரைச்சுக் குடுத்தனே!"

"வேற என்ன சொல்லச் சொல்ற?"

"சுகர்க்கார மனுசனுக்கு ஒரு சொம்பு சக்கரத் தண்ணி! அத்தனையும் மொடக்கு மொடக்குன்னு குடிச்சீங்களே! என்ன மனுசனுங்க நீங்க? அன்னிக்கு உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் யாருகிட்டப் போயி என்ன சொல்லுவேன்?"

ஃபர்ஹானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம் என்று அடக்கினான், மூக்கு வழியாக வந்தது. சைபுல்லா அவனைப் பார்த்தார். அவருக்கும் உதடு கோணியது. மஸ்தான் பீவி இரண்டு பேரையும் பார்த்துத் திட்ட ஆரம்பித்து, பாதியிலேயே அழுதுவிட்டாள். அது துக்கத்து அழுகை இல்லை. நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்தது போலிருந்தது அவளுக்கு.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றான் ஃபர்ஹான்.

"சொல்லியிருக்கோணும். எந் தப்புத்தான்."

சைபுல்லா தப்பு என்று ஒத்துக்கொண்டதை மஸ்தான் பீவி அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து கேட்டதில்லை. அவள் அதைப் பெரிதுபடுத்தாமல், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போட எழுந்து போனாள்.

அசருக்கு பாங்கு சொன்ன பிறகு, ஃபர்ஹான் சரியென்று சொன்ன பிறகுதான் மூடி திறந்தது. ஓரமெல்லாம் பொன்னிறமாக, மேலே லேசாக வெடித்து, பச்சைப்பசேலென்று உப்பி நின்றது. அப்பனும் மகனும் தேக்சாவின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தாம்பாளத்தில் கவிழ்த்தார்கள். இலையை உரித்துக் கத்தியை விட்டபோது, சுற்றிலும் நன்றாக வெந்திருந்தது. நடுப்பாகம் மட்டும் அல்வா மாதிரி குழைந்து வழிந்தது. அடி லேசாகத் தீய்ந்திருந்தது. இரண்டு பேர் சொன்னதிலும் பாதிப் பாதி நடந்திருந்தது.

ஃபாத்திஹா ஓதி முடித்ததும் முதல் தட்டு மதிலுக்கு மேலே போனது. குஞ்சம்மாள் ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள்.

"மொதல்ல கசக்குதுங்க. அப்பறம் இனிக்குது. மறுக்காவும் கசக்குது."

"வேண்டாம்னா குடுத்துரு குஞ்சம்மா."

"வேண்டாம்னு ஆரு சொன்னா? ஊட்டுல அவருக்கும் இன்னொரு துண்டு வையுங்க. அந்தக் கொழகொழன்னு இருக்கறதுல வையுங்க. அதுதான் நெம்ப நல்லாருக்குது."

மஸ்தான் பீவி துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். மழை விட்டிருந்தது. பின்வாசலில் அப்பனும் மகனும் மிஞ்சினார்கள். சைபுல்லா சர்க்கரைக்குப் பயந்து அடிக் கரியை மட்டும் சுரண்டித் தின்றார். ஃபர்ஹான் குழைந்த நடுப்பாகத்தை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், தட்டைக் கீழே வைத்தான்.

"அத்தா, அந்த எறக்கத்துல நீங்களா இருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

இதைத்தான் அவன் இத்தனை நாளும் கேட்க நினைத்தான். ராத்திரியெல்லாம் கட்டிலில் புரண்டபோது இதுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அத்தாவாக இருந்தால் கியரைக் குறைத்து, ஒரு பெட்டி நசுங்காமல் நிறுத்தியிருப்பார் என்று அவனாகவே ஒரு தீர்ப்பு எழுதிவைத்திருந்தான்.

சைபுல்லா யோசித்துத்தான் சொன்னார். "காத்து எறங்குனதுக்கப்பறம் அந்த எறக்கத்துல கியரு ஒண்ணும் விழுவாது. நீ பண்ணுனதத்தான் நானும் பண்ணியிருப்பேன். மலப்பக்கம் சாச்சிருப்பேன். ஆனா நான் இன்னும் கொஞ்சம் பாக்கலாம், இன்னும் கொஞ்சம் பாக்கலாம்னு தாமசம் பண்ணியிருப்பேன். நீ பண்ணல. அதான் அங்கமுத்து உசுரோட டீ குடிச்சுக்கிட்டிருக்கறாரு."

ஃபர்ஹான் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைக்கவில்லை, பக்கத்தில் இருந்தது அத்தாதானே.

"வண்டி இப்ப எங்கீங்க நிக்குது?" என்று கேட்டான்.

"பட்டறையில. மொகத்தப் பூராப் பிரிச்சுப் போட்டிருக்கறாங்களாம்."

"நான் போயிப் பாக்கோணும்ங்க. தனியாப் போறதுக்குத்தான் ஒரு மாதிரி இருக்குது."

சைபுல்லா அடிக் கரியைச் சுரண்டுவதை நிறுத்தினார்.

"நானும் இன்னும் பாக்கல சாமி" என்றார். "தெனமும் பட்டறைக்குன்னு சொல்லிக் கெளம்புவேன். பட்டறைக் கேட்டு வரைக்கும் போவேன். நீ உக்காந்திருந்த பக்கம் எப்படி நசுங்கியிருக்குமோன்னு நெனச்சதும் ஒடம்பெல்லாம் வேர்த்துரும். திரும்பி வந்துருவேன்."

ஃபர்ஹான் எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த பைக் சாவியை எடுத்தான். "ஏறுங்கத்தா, ரெண்டு பேரும் போலாம்" என்றான்.